ஒரு மீட்டர், மூன்று வீடுகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் சந்துக்குள் மூன்று வீடுகளுக்கும் ஒரே மீட்டர். வீடுகளின் சொந்தக்காரர் வெளிநாட்டில். மின்சார சபையில் தனி மீட்டர் கேட்டால் காணி உறுதிப் பத்திரம் கொண்டுவா என்பார்கள். வாடகைக்கு இருப்பவனிடம் உறுதி எங்கே இருக்கும்? பில் வந்ததும் மூன்று வீடும் பங்கு போட்டுக் கட்டும். இப்படித்தான் பல வருடம் ஓடியது.

மின்கட்டணத்தை ஏற்றிய சமயம் நான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள். மின்சாரப் பாவனையைக் குறைக்க எது நல்ல வழி என்பது அன்றைய பாடம்: விலையை ஏற்றுவதா, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கீடு வைப்பதா, சோலார் போடுபவர்களுக்குச் சலுகை கொடுப்பதா? விரிவுரையாளர் விலையின் பக்கம். அலகு கூடக்கூட விலையும் கூடினால், அதிகம் எரிப்பவர் அதிகம் கட்டுவார், ஏழை தப்பிவிடுவார் என்றார்.

நான் எழுந்து, "சேர், மூணு குடும்பம் ஒரே மீட்டர்ல இருந்தா?" என்று கேட்டேன்.

"அது விதிவிலக்கு தம்பி. விதிவிலக்கைப் பாத்துக் கொள்கை வகுக்க ஏலாது."

பக்கத்திலிருந்த வெள்ளவத்தை நண்பன் தோளில் தட்டினான். "மச்சான், நீங்களும் சோலார் போடுங்கோவன். எங்களுக்கு இப்ப மின்சார சபைதான் காசு தருது." அவன் நல்லவன்தான். எங்கள் கூரை தகரம் என்பதும், அந்தத் தகரமும் எங்களுடையதில்லை என்பதும் அவனுக்குத் தெரியாது.

தனித்தனியே பார்த்தால் மூன்று வீடுமே குறைவாக எரிக்கிற வீடுகள். மீட்டரில் ஒன்றாகச் சேர்ந்ததும் ஏசி போட்ட பங்களாவின் விலை எங்கள் தலையில் விழுந்தது.

அம்மா தோசை மா அரைத்து வெள்ளவத்தைக் கடைகளுக்குக் கொடுத்து என்னைப் படிப்பித்தவர். முன்வீட்டு அக்கா பில்லோடு வாசலில் வந்து நின்றார்.

"அன்ரி, உங்கட கிரைண்டர்தான் கரண்டைக் குடிக்குது."

"ஏன் புள்ள, ஒங்க பிரிட்ஜ் என்னா தண்ணியிலயா ஓடுது?"

"அதைக் கழட்டி ஒரு மாசம். வந்து பாருங்கோ."

அம்மா போய்ப் பார்த்தார். பிரிட்ஜுக்குள் பிள்ளையின் சீருடை மடித்து வைத்திருந்தது.

பின்வீட்டில் த்ரீவீல் ஓட்டும் அண்ணனும் வந்தார். "பெட்ரோலுக்குப் பங்கீடு வச்சப்பகூட வண்டிக்கு ஒரு கார்ட் குடுத்தானுங்க. கரண்டுக்கு நம்ம மூணு வீடும் சேந்து ஒரு ஆளா?" பிறகு கிரைண்டரைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை.

மருதானையிலிருந்து பழைய சாமான் வாங்கும் ஒருவர் வந்து, காசைக் கொடுத்துவிட்டுக் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்துச் செய்தியில் ஒரு அதிகாரி, மின்பாவனை குறைந்திருக்கிறது, மக்கள் சிக்கனம் பழகிவிட்டார்கள் என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா? நம்மளத்தான் பாராட்டுறாங்க."



இப்போது அம்மா, தான் மா கொடுத்துவந்த கடை ஒன்றிலேயே பாத்திரம் கழுவுகிறார். அந்தக் கடை சொந்தமாகப் பெரிய கிரைண்டர் வாங்கிவிட்டது. அது காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது என்கிறார்.