இட்லி எந்த அடுக்கில்?

சிங்கப்பூரில் சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் அடுக்கில் வைக்க வேண்டும். அதில் எனக்கு ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. எங்கே வைப்பது என்பதுதான் தொல்லை. பன்றி இறைச்சி சேராத ஹலால் கடையில் வாங்கிய தட்டுக்கு ஓர் அடுக்கு, மற்றக் கடைத் தட்டுகளுக்கு இன்னோர் அடுக்கு. வந்த புதிதில், சுவா சூ காங்கில் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள காப்பிக் கடையில் நான் மாற்றி வைத்துவிட்டேன். மேசை துடைக்கும் சீன அம்மாள் கையை ஆட்டி ஏதோ சொன்னார். நன்றி சொல்கிறார் போல என்று சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று வருடம் ஆகியும் அந்த அடுக்குகளின் முன்னால் ஒரு நொடி நிற்கிறேன். என் ஐந்து வயது மகள் கயல் நிற்பதில்லை.

மன்னார்குடியில் ஒன்பது வருடம் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள் நான். காய், கனி, தானியம் என்று ரகம் பிரிக்கச் சொல்லித்தர என்னை விட்டால் ஆளில்லை என்று எங்கள் தலைமையாசிரியையே சொல்வார். இங்கே பாலர் பள்ளியில் துணைத் தமிழாசிரியை. எனக்கு மேலே ஸ்டெல்லா டீச்சர். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவரின் கொள்ளுப்பேத்தி, இந்த மண்ணிலேயே பிறந்தவர். ஞாயிறு தேவாலயம், திங்கள் முதல் வெள்ளி வரை அவர் காலைக் கட்டிக்கொள்ளும் இருபது பிள்ளைகள். அந்த இருபதில் என் கயலும் ஒருத்தி. வகுப்பில் என்னை அம்மா என்று கூப்பிடக்கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டவள் நானே. அவள் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். தூக்கம் வந்தால் மட்டும் நேராக ஸ்டெல்லா டீச்சர் மடிக்குப் போனாள். எனக்கு வயிறு எரிந்தது. நாகரிகமாக வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

போன வாரம் உணவுப் பெயர்ப் பாடம் என் கைக்கு வந்தது. விடுவேனா! மூன்று நாள் உட்கார்ந்து அட்டைகளில் படம் வரைந்தேன். பழம், காய்கறி, பலகாரம் என்று எழுதி மூன்று கூடைகள் வைத்தேன். பிள்ளைகள் ஒரு கூடையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இருந்த இரண்டில் அட்டைகளைப் பிரித்துப் போட ஆரம்பித்தார்கள். பிராட்டா, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், குச்சியில் செருகிச் சுட்ட கறியான சாத்தே ஒரு பக்கம். பன்றி இறைச்சி போட்ட நூடுல்ஸ் மறு பக்கம். ஆப்பிளுக்கு அடிதடி.

"தப்பு, தப்பு! பழம் எங்க போகணும்?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

வாசலில் நின்ற ஸ்டெல்லா டீச்சர் சிரித்தே விட்டார். "ஐயோ டீச்சர், பிள்ளைங்க காப்பிக் கடை டிரே ரேக் மாதிரி பிரிக்கிறாங்க லா! ஹலால் ஒரு பக்கம், மத்தது ஒரு பக்கம்!"

அவ்வளவுதான், வகுப்பே குதித்தது. மூன்று வருடமாக அந்த அடுக்கின் முன் விழிக்கிற எனக்கு அது தோன்றவில்லை. வாசலில் நின்ற மனுஷிக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. என் கூடைகளை வைத்து அவர் விளையாட்டைத் தொடர்ந்தார். கயலின் கையில் இட்லி அட்டை மிச்சமிருந்தது. "இது எங்க, டார்லிங்?" என்று கேட்டார். கயல் இரண்டு கூடைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவர் மேல் சாய்ந்துகொண்டாள். நான் வரைந்த இட்லி, நான் பெற்ற பிள்ளை, சாய்ந்தது அந்தத் தோளில். அவர் நல்லவர் என்பதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

சாயங்காலம் சமைக்க மனமில்லை. காலையில் மிஞ்சிய இட்லியை டப்பாவில் எடுத்துக்கொண்டு கயலுடன் கீழே காப்பிக் கடைக்குப் போனேன். எனக்கு ஒரு தட்டு மீ கோரெங், வறுத்த நூடுல்ஸ், வாங்கினேன். கயல் இட்லியில் இரண்டு தின்றாள், மீதத்தைத் தொடவில்லை. எழுந்ததும் தட்டின் மேலேயே டப்பாவையும் வைத்து அடுக்குப் பக்கம் நடந்தேன். வழக்கம்போல நின்றேன்.

"அது இந்தப் பக்கம்," என்று தட்டைக் காட்டினாள் கயல். பிறகு எட்டி டப்பாவைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். "திஸ் ஒன் ரேக்ல வைக்கக்கூடாதும்மா. இது நம்மகூட வீட்டுக்கு வரும்."

நாள் முழுதும் கேட்காத 'அம்மா'. என் கண் நிறைந்துவிட்டது. ஸ்டெல்லா டீச்சரால் பதில் வாங்க முடியாத கேள்வி. என் பெண் எனக்குத்தான் முதலில் பதில் சொன்னாள் என்று கர்வமாகக்கூட இருந்தது. ஒரு நிமிடம்தான்.

"நாளைக்கு ஸ்டெல்லா டீச்சர்கிட்ட சொல்றேன்," என்று டப்பாவை அணைத்தபடி மின்தூக்கியை நோக்கி ஓடினாள். நான் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவில், கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் காட்டிய பக்கம் எதுவென்று மறந்துபோயிருந்தது.