ஆறாவது சுற்று

உச்சி குடிகாரன் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வான். ஞாயிறு முதல் வெள்ளி வரை மதுக்கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான். கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் ஆறு பேரில் மேல்தட்டு வேலை அவனுடையது. உச்சி என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

மருத்துவ முகாமுக்காக வேலையிடத்துக்கு வந்த நர்ஸ் அவனிடம் கேட்டுப் படிவத்தை நிரப்பினாள். வயது முப்பத்தாறு, ஆண், தனியாக வசிப்பவர்.

"ஒரே தடவையில அஞ்சு கிளாசுக்கு மேல குடிச்சிருக்கீங்களா?"

"சனிக்கிழமை மட்டும்தாம்மா. அதுவும் நானா குடிக்கிறதில்ல. என் முறை வரணும்ல?"

நர்சுக்குப் புரியவில்லை. அந்த முறை இதுதான்: சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் ஆறு பேரும் கடைக்குப் போவார்கள். சாரத்திலிருந்து இறங்கிய வரிசையில் ஆளுக்கு ஒரு சுற்று வாங்கித் தர வேண்டும். தன் சுற்றை வாங்காமல் எழுந்து போகிறவன் ஆம்பளையே இல்லை. மேல்தட்டுக்காரன் கடைசியில்தானே இறங்க முடியும்? ஆக, அவன் முறை வருவதற்குள் ஐந்து உள்ளே போயிருக்கும். ஆறாவதை வாங்கிவிட்டு வேடிக்கையா பார்ப்பான்? நல்ல நியாயம்!

மனைவி பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மகளை வெளியே அழைத்துப் போவான். கடைசி இரண்டு ஞாயிறும் தூங்கிவிட்டான். மனைவி சத்தம் போடவில்லை. "மூணாவது தடவையும் வரலைன்னா இனிமே வரவே வேண்டாம்," என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை உச்சி பெரிய புத்திசாலி போல ஒரு வழி கண்டுபிடித்தான். உட்கார்ந்ததுமே, "இன்னைக்கு முதல் சுற்று என்னோடது" என்றான். வாங்கித் தந்தான், தன் பங்கைக் குடித்தான், எழுந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?" என்றார் ஆறு பேரில் மூத்தவரான மேஸ்திரி.

"காலைல பாப்பாவைப் பார்க்கப் போகணும்ணே."

"போ, யாரு பிடிச்சா? ஆனா நீ வாங்கினதை நாங்க அஞ்சு பேரும் குடிச்சாச்சு. நாங்க வாங்கறதை நீ குடிக்காமப் போனா, நாங்க என்ன ஓசியில குடிக்கிறவங்களா?"

ஐந்து பேரும் அவனையே பார்த்தார்கள். திங்கட்கிழமை இவர்கள்தான் கீழிருந்து அவனுக்குச் சாரக் குழாய் தூக்கித் தர வேண்டும். உட்கார்ந்தான். முதலில் வாங்கினாலும் ஆறு, கடைசியில் வாங்கினாலும் ஆறு என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அன்றைக்கு ஆறோடும் நிற்கவில்லை.

ஞாயிறு கண் விழித்தபோது மதியம் மணி ஒன்றரை. அவன் பதறவில்லை. முகம் கழுவினான், சட்டை மாற்றினான், பஸ் ஏறினான். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

கதவைத் திறந்தது எட்டு வயது மகள்தான். வீட்டுச் சட்டையில் இருந்தாள். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அவள் அம்மா தலை நிமிரவில்லை.

"போன ரெண்டு வாரமும் ஷூ போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்ப்பா. இன்னைக்குப் போடவே இல்ல," என்றாள் மகள், அவனைத் தேற்றுவது போல. "அதனால பரவாயில்லப்பா."

"சரிம்மா," என்றான். அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது. வரவில்லை. மகள் கையசைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.