வளையல் போட்ட கரை

தலைப்பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்று மற்ற பெண்களிடம் கேட்டால் டாக்டர் பெயரைச் சொல்லுவார்கள். என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் "எந்தக் கரை?" என்றுதான் கேட்டார்கள். கொச்சியில் பிறந்து வளர்ந்த எனக்கே அது புதுக் கேள்வி. அம்மா வீடு மட்டாஞ்சேரியில். கல்யாணமாகிப் போனது தேவராவுக்கு. நடுவில் ஒரு தீவு. தீவுக்கு அந்தப் பக்கம் ஒரு பாலம், இந்தப் பக்கம் ஒரு பாலம். காலேஜ் படிக்கும்போது பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டே நான் தினமும் தாண்டிய தண்ணீர். அதைத் தண்ணீர் என்றே நான் கணக்கில் வைத்ததில்லை.

வைக்கச் சொன்னவர் என் மாமியார். சங்கரன்கோவில் பக்கம் கரிசல்காட்டு ஊர் அவருக்கு. என் வீட்டுக்காரர் கொச்சிக்கு வந்து ஆட்டோ ஓட்ட ஆரம்பித்து, என்னைக் கட்டி, பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த அம்மா சட்டங்களோடு வந்தார். பப்பாளி கூடாது, அந்தி நேரத்தில் வாசலில் நிற்கக் கூடாது. இதையெல்லாம் நான் தலையாட்டிக் கேட்டுவிட்டு என் இஷ்டத்துக்கு இருந்தேன். ஆனால் ஒன்றில் மட்டும் மனுஷி அசையவே இல்லை.

"வளையல் போட்ட பெறவு பிள்ளத்தாச்சி தண்ணி தாண்டக் கூடாது. பிள்ளையக் கையில வாங்குன பெறவுதான் தாண்டணும்."

"உங்க ஊர்ல ஆறே கிடையாதே அத்தை?"

"ஆறு இல்லாட்டா என்னட்டி, சட்டம் இருக்குல்லா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்த பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. எந்தக் கரையில் வளைகாப்போ அந்தக் கரையில்தான் பிரசவம். பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் தேவரா இருக்கிற எர்ணாகுளம் பக்கம். அம்மாவோ மட்டாஞ்சேரியில். ஏழாம் மாதம் முடிவதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

ஆலோசனைக்கு ஆளா பஞ்சம்? என் வீட்டுக்காரருக்கு இந்த ஊரில் தெரியாத ஆஸ்பத்திரி இல்லை, எல்லாவற்றிலும் ஆள் இறக்கியிருக்கிறார். ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கேட் வரைக்கும்தான். "அங்க வேணாம், செக்யூரிட்டி ஆட்டோவ ரோட்டுலயே நிறுத்திருவான். இங்கன்னா நேரா வாசப்படி வரைக்கும் விடுவான்." உள்ளே டாக்டர் எப்படி என்று கேட்டால், "அது தெரியல, ஆனா கேன்டீன்ல சாயா நல்லாருக்கும்" என்பார். நான் பிள்ளை பெறப் போகிறேனா, சாயா குடிக்கப் போகிறேனா?

அம்மாவின் கட்சி வேறு. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான் பிறந்ததும் அங்கேதான். "கஞ்சி அடுப்பிலேருந்து எறக்கினா சூடு ஆறாம கொண்டு வருவேன். அக்கரைக்குப் போனா ஆறின கஞ்சிதான் மோளே, யோசிச்சுக்கோ" என்றாள். கஞ்சியின் சூட்டை வைத்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கிற அம்மா எனக்கு வாய்த்திருந்தாள்.

எனக்கும் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. என் கூடப் படித்தவள் ஒருத்தி அந்தச் சமயத்தில்தான் பிள்ளை பெற்று வந்திருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "எல்லாரும் நல்லாத்தான் பாத்தாங்க. ஆனா தெரிஞ்ச மொகம்னு ஒண்ணுகூட இல்லடி" என்றாள். அன்றைக்குப் பிடித்த பயம். நான் பல் பிடுங்கப் போன இடத்தில் பக்கத்தில் காத்திருந்த முன்பின் தெரியாத சேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டவள். அந்தக் கையை அவர் திரும்ப வாங்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிரசவ அறையில் தெரிந்த கை ஒன்று வேண்டும். அது இல்லாமல் என்னால் முடியாது. இது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் கேட்டோம். உள்ளே ஒருவரை விடுவார்கள், ஆணோ பெண்ணோ. பைஸ்டாண்டர் என்று இங்கே சொல்வார்கள். ஆனால் அந்த ஆள் அவர்கள் நடத்தும் வகுப்பில் உட்கார்ந்து முடித்திருக்க வேண்டும். அம்மாவைக் கேட்டதற்கு, "பெத்துக்கிறதுக்கு கிளாஸா? நான் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சு உன்னைப் பெத்தேன்?" என்று ஒரே போடாகப் போட்டாள். சரி, பிள்ளையில் பாதிப் பங்கு உள்ளவரே வரட்டும் என்று வீட்டுக்காரரைக் கூட்டிப் போனேன். வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று மாமியாரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

நர்ஸ் ஒரு பொம்மையை எடுத்தார். துணியில் தைத்த இடுப்பு, அதற்குள்ளிருந்து பிளாஸ்டிக் குழந்தை. ரத்தம் இல்லை, சத்தம் இல்லை. தலை வெளியே வந்ததுதான் தாமதம், என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து சரிந்து என் மடியில் விழுந்தார். பொம்மைக்கு மயங்கின ஆம்பளை! வெளியே கொண்டுபோய் நாரங்காவெள்ளம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைத்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் மாமியார் முன் வரிசைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. "எம்புட்டு நேரம் மூச்சப் புடிக்கணும்னு கேளு. இடுப்புக் குறுக்க எங்க நீவணும்னு கேளு." மூச்சுப் பயிற்சியில் அவர் விட்ட மூச்சுக்கு அறையே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அவன் கெடக்கான். நான் நிக்கேன்."

குக்கர் விசில் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

அந்த நேரத்தில் மாமியாரா? நான் கத்துவேன், திட்டுவேன், என்ன வாயில் வரும் என்று எனக்கே தெரியாது. அம்மா என்றால் பரவாயில்லை, கேட்டுப் பழகிய காது. மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டேன். பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி உள்ளே நிற்கலாம், வகுப்பு எதுவும் இல்லை என்றார்கள். முடிந்தது. மட்டாஞ்சேரியில் வளைகாப்பு என்று சொல்லிவிட்டேன்.

மாமியார் சண்டை போடவில்லை. "தண்ணிக்கு அங்கிட்டா" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு ராத்திரி சாம்பாரில் உப்பு இல்லை. நானும் விடவில்லை, உப்பு கேட்காமலே சாப்பிட்டு முடித்தேன்.

வளைகாப்புக்கு வந்தார். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் வீட்டிலேயே கிளறி, முதல் வளையலாக வேப்பிலைக் காப்பை என் கையில் சுற்றினார். கிளம்பும்போது என் காதோரம் குனிந்து, "பெரிய ஆஸ்பத்திரி அந்தக் கரையிலதான் இருக்கு. மனசுல வச்சிக்கோ" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளையல் சத்தம் அடங்கும் முன்னே ஆரம்பித்துவிட்டார் பாருங்கள்! உங்கம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்களா என்று வீட்டுக்காரரிடம் போனில் கத்தினேன். அவர் வழக்கம்போல சவாரி வந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.

அம்மா வீட்டில் ராஜ வாழ்க்கைதான். கப்பைக் கிழங்கும் மீன்கறியும், நினைத்தபோது சாயா. ஒன்பதாம் மாதம் வரை என் முடிவை நினைத்து நானே என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தேன். அந்த மாதப் பரிசோதனையில் டாக்டர் என் கையில் கட்டிய பட்டையை அவிழ்த்து, மறுபடி கட்டி, மறுபடி பார்த்தார். பிரஷர் ஏறியிருந்தது. "பேடிக்கண்டா, பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இன்றைக்கே எர்ணாகுளத்துக்குப் போய்விடு. அங்கே எல்லா வசதியும் உண்டு" என்றார். அம்மா அங்கேயே அழ ஆரம்பித்தாள்.

எனக்கு முதலில் தோன்றியது பிரஷர் இல்லை, குழந்தை கூட இல்லை. மாமியாரிடம் என்ன சொல்வது? கை நிறைய வளையலோடு எப்படித் தண்ணீர் தாண்டுவது? அவர் நிச்சயம் விடமாட்டார், அங்கே ஒரு பெரிய சண்டை நடக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

ஆட்டோ வந்து நின்றது. வீட்டுக்காரருக்கு முன்னால் மாமியார் இறங்கினார். கையில் கட்டைப்பை.

"என்னட்டி நிக்க? ஏறு."

"அத்தை, தண்ணி தாண்டணுமே..."

"கண்ண மூடிக்கிடு. பாக்காத தண்ணி தாண்டாத தண்ணி."

அழுதுகொண்டிருந்த அம்மாகூட அழுகையை நிறுத்திவிட்டு, "அப்படி யாரு சொன்னது?" என்று கேட்டாள்.

"நாந்தான் சொல்லுதேன். நீங்களும் ஏறுங்க மைனி."

எனக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மாமியார். தோப்பும்படிப் பாலம் வந்ததும் மாமியார் முந்தானையை எடுத்து என் முகத்தை மூடினார். உள்ளே இருட்டு, வெங்காய வாசனை. என் கையை வளையலோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டார்.

பாலம் இறங்கியதும், "தரை வந்துட்டு. தொற" என்று முந்தானையை எடுத்தார். தீவில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக மறித்து நிற்க, ஆட்டோ நின்றுவிட்டது. இன்னொரு பாலம் பாக்கி. அவர் லாரியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க ஊர்ல ஆறு இல்லன்னு சிரிச்சேல்லா. ஒரு ஓடை உண்டு. வருசம் பூரா காஞ்சு கெடக்கும், ஐப்பசியில மட்டும் ஓடும். எனக்கு வலி கண்ட அன்னைக்கு ஓடுச்சு. ஆஸ்பத்திரி அந்தக் கரையில. நான் இந்தக் கரையில, வண்டிக்குள்ள. தண்ணி வடியட்டும்னு நின்னோம். வடிஞ்சிது. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

"இவருக்கு முன்னாடியா அத்தை?"

"இவனுக்கு முந்தி. பொம்பளப் பிள்ள."

முன்னால் இருந்தவர் திரும்பவில்லை. ஹாரனில் இருந்த கையை எடுத்துவிட்டார். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும் போலிருக்கிறது. அம்மா என் முதுகுப் பக்கமாகக் கையை நீட்டி மாமியாரின் தோளைத் தொட்டாள்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நான் தேவராவுலயே இருந்திருப்பேன்ல?"

"சொன்னா நீ பயப்படுவ. சட்டம்னு சொன்னா கோவம் மட்டுந்தான் படுவ."

என்னத்தைச் சொல்ல! லாரி நகர்ந்தது. அடுத்த பாலத்துக்கு முந்தானையை நானே எடுத்து மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில், கூட நிற்பது யார் என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் ஒரு அடி பின்வாங்கினார். அம்மாவைக் காட்டினேன், வகுப்பில் உட்காராதவரை விட முடியாது என்றார்கள். அதற்குள் நர்ஸ் மாமியாரை அடையாளம் கண்டுகொண்டார். "இது நம்ம மூச்சு அம்மா அல்லே? வா அம்மா, வா!" என்று சிரித்தார். மாமியார் உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்து நின்றார். குக்கர் விசில் அவருக்கும் மறந்திருக்காது.

"வாங்க அத்தை" என்றேன்.

மறுநாள் பிள்ளை பிறக்கும் வரை அந்தக் கையை நான் விடவில்லை. திட்டினேன், அவரை, அவர் மகனை, அவர் ஊரை. "திட்டு தாயி, நல்லா திட்டு. மூச்ச விட்டுட்டுத் திட்டு" என்று குறுக்கை நீவிக்கொண்டே இருந்தார். பெண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றி முதலில் அவர் கையில்தான் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்.

வழக்கப்படி குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் புறப்பட்டோம். அம்மா கஞ்சி வைக்க முன்னாலேயே போய்விட்டாள், சூடாகக் கொடுத்தே தீருவது என்று. மாமியார் மடியில் குழந்தை. பாலம் நெருங்கியதும் பழக்க தோஷம், குழந்தை முகத்தை மூட நான் துணியை இழுத்தேன். மாமியார் என் கையைத் தட்டிவிட்டார். மூடியிருந்த துணியையும் விலக்கி, வண்டிக்கு வெளியே தெரிய அவளைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.

"பாருட்டி. இதுதான் தண்ணி. தாண்டிட்டோம்" என்றார்.

அவள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.