ஊசிக்குப் பூசிய நகச்சாயம்

நேற்று மகள் கட்டிலில் உட்கார்ந்து நகச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஈர சிமென்ட்டும் நுரைத்த தண்ணீரும் ஞாபகம் வந்தன. அவளிடம் சொன்னால் சிரிப்பாள். உங்களிடம் சொல்லலாம்.

டிப்ளமோ முடித்துச் சும்மா இருந்த காலத்தில் ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு பாசனக் கால்வாய், குன்றின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை சிமென்ட் சரிவாக இறங்கும். தண்ணீர் அதில் வெள்ளையாகப் பாயும். அந்த வெள்ளைக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகளை அளப்பதுதான் வேலை. "குமிழி எண்றதுக்குச் சம்பளமுங்களா?" என்று என் மாமா ஒருவர் மரியாதையாகவே கேட்டார்.

எண்ணாமல் முடியாது. தண்ணீர் அவ்வளவு வேகமாகப் போனால் அடியிலுள்ள சிமென்ட்டைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். அடியில் போதிய காற்று கலந்திருந்தால் பிய்க்காது. இல்லையென்றால் சரிவின் குறுக்கே பள்ளம் வெட்டிக் காற்றை உள்ளே விட வேண்டும்.

அளப்பதற்கு முடி போல மெல்லிய கம்பி ஊசி. நுனியில் மட்டும் மின்சாரம். நுனி தண்ணீரில் இருந்தால், ஊசியோடு இணைத்த கருவியின் திரையில் கோடு மேலே நிற்கும். குமிழியைக் குத்தினால் கீழே விழும். நுனி தவிர மற்ற இடமெல்லாம் பூச்சுப் போட்டு மூடியிருக்க வேண்டும். அந்தப் பூச்சு அடிக்கடி உரிந்துவிடும். அதற்கு வாய்த்த மருந்துதான் நகச்சாயம். கடைத்தெருவில் வளையல் கடைக்காரர், "ஆருக்குங்க?" என்றார். "ஊசிக்குங்க" என்றேன். அதன்பின் அவர் என்னிடம் பேச்சே கொடுத்ததில்லை.

ஆராய்ச்சியை நடத்தியவர் செல்வராணி மேடம். மூணாறுப் பக்கம் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டில் பிறந்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், என்னைப் போலவே ஒப்பந்த வேலை. அறிக்கையை நேரத்துக்குக் கொடுத்தால்தான் ஒப்பந்தம் நீளும். கடைசி வாரம் அளவெல்லாம் அருமையாக வந்தது. அடிவரை நிறையக் காற்று. 'பள்ளம் தேவையில்லை' என்று எழுதி, மத்தியான பஸ்ஸில் கொண்டுபோகக் காகிதங்களை உறையில் போட்டுவிட்டார்.

நான் ஊசியைக் கழற்றிக் கழுவுவதற்காக வாளியில் முக்கினேன். இணைப்பை எடுக்க மறந்திருந்தேன். திரையைப் பார்த்தால், அசையாத வாளித் தண்ணீரில் கோடு விழுந்து விழுந்து எழுகிறது. வாளிக்குள் ஏது குமிழி? ஊசியை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். நுனியின் மேலேயே ஒரு துளி இளஞ்சிவப்பு. அந்த வாரத் தொடக்கத்தில் அவசரத்தில் நான் பூசியது. அந்த வாரம் நாங்கள் அளந்தது காற்றையல்ல, என் அவசரத்தை.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது. தோன்றவில்லை என்று இப்போது பெருமையடிக்க மாட்டேன். பஸ் ஹாரன் கேட்டபோதுதான் ஓடினேன்.

"மேடம், அளவு தப்பு. நான் பூசுனது நுனிய மூடிருச்சுங்க."

அவர் ஊசியை வாங்கிப் பார்த்தார். பஸ் போனது. "வாளில வச்சு நெசமாவே பாத்தியளா?" என்றார். தலையாட்டினேன். உறையைக் கிழித்தார். "சரி, மறுபடி அளக்கணும். தண்ணிக்கு யாரக் கேக்கணும், சொல்லுங்க."

அங்கேதான் சிக்கல். அந்தப் போகத்துக்குத் தண்ணீர் விடும் முறை முடியப் போகிறது. மிச்சம் இருந்தது கால்வாயின் கடைசி வயலான சரஸ்வதி அக்கா காட்டுக்கு உரிய ஒரு நாள் தண்ணீர். அது பகல் முழுக்கச் சிறுகச் சிறுக வர வேண்டியது. எங்களுக்கோ இரண்டு மணி நேரம், முழு வேகத்தில் வேண்டும். அப்படி விட்டால் அவர் காட்டு வாய்க்கால் தாங்காது.

போய்ச் சொன்னோம். கத்தரிச் செடிக்கு நடுவில் நின்று, என் தப்பு உட்பட முழுவதையும் கேட்டார்.

"அந்தச் சரிவு ஒடைஞ்சா மொதல்ல காயறது என்ற காடுதானுங்க. போன தடவ ஒடைஞ்சப்ப ரண்டு போகம் போச்சு. நாளைக்கு வெடியால திறங்க. நாங்க கரைய ஒசத்திக்கறோம்."

விடிந்தபோது அவரும் கணவரும் பக்கத்துக் காட்டுக்காரர் இருவரும் மண்வெட்டியோடு கரையில் நின்றார்கள். மதகு திறந்தது. நான் சரிவுக்குக் குறுக்கே போட்டிருந்த மேடையில் குப்புறப் படுத்து ஊசியை இறக்கினேன். திரையில் கோடு மேலேயே நின்றது. அடியில் காற்றே இல்லை. மேடம் என்னைப் பார்த்து, "பள்ளம் வெட்டியே ஆகணும்" என்றார்.

கீழே ஓரிடத்தில் கரை உடைந்து ஒரு மூலைக் கத்தரி சாய்ந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனேன். "அந்த மூலை எப்பவுமே வெளையாதுங்க" என்றார் அக்கா, சேற்றுக் கையைப் புடவையில் துடைத்தபடி. பொய்தான். முந்தின நாள் அந்த மூலையிலிருந்துதான் எங்களுக்கு ஒரு பை காய் பறித்துக் கொடுத்திருந்தார்.

அறிக்கை தாமதமாகப் போனது. மேடத்துக்கு ஒப்பந்தம் நீளவில்லை. வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. இப்போதும் பொங்கலுக்கு அவர்தான் முதலில் போன் செய்கிறார். அந்தக் கோடையில் பள்ளம் வெட்டினார்கள். சரிவு இன்றுவரை உடையவில்லை.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். எங்கள் தகரக் கொட்டகை இருந்த இடத்தில் புல். குமிழிகளை இப்போது கேமராவே எண்ணிவிடுகிறதாம், தண்ணீரைத் தொட வேண்டியதில்லை. சரஸ்வதி அக்கா போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. மதகுக்கு மோட்டார் வைத்திருக்கிறார்கள். எங்கோ ஓர் அலுவலகத்தில் பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்ளும். தண்ணீர் விடுவதற்கு, கத்தரிக்காட்டுக்கு நடந்துபோய் ஒருவரிடம் கேட்டு நிற்க வேண்டிய அவசியம் இனி யாருக்கும் இல்லை.