தண்ணீர் கொண்டுவந்தவரின் மகள்

போன மாசியில், ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோலியர்ஸ் வுட் வீட்டுக்குத் திரும்பிவர, வாசலில் ஓமான் நாட்டுப் பிள்ளை ஒருத்தி நின்றாள். லண்டனில் படிக்க வந்தவள். தகப்பன் எழுதிவைத்திருந்த என் பெயரைக் கொண்டு நம்பரைத் தேடிப்பிடித்து, வருவதாக முதல்நாளே சொல்லியிருந்தாள்.

அவளுடைய தகப்பனை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னம் நான் ஒரு சின்னச் சரக்குக் கப்பலில் சமையற்காரன். ஓமானின் தெற்கே, பாலைவனக் கரையில், ஒரு பழைய துறைமுக ஊருக்கு முன்னால் எஞ்சின் பழுதாகி நங்கூரம் போட்டோம். முதலாளி போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். கரையில் இறங்க எங்களுக்கு அனுமதியும் இல்லை. குடிதண்ணீர் முடியும் தறுவாயில் அந்த மனுசன் தன் மீன்பிடி வள்ளத்தில் தண்ணீர்க் கான்களோடு வந்தார். பிறகு தினமும் வந்தார். துறைமுக அதிகாரியிடம் தானே பொறுப்பு நின்று, எங்களை முறைவைத்து ஊருக்குள் கூட்டிப்போனார்.

சாம்பிராணி ஏற்றி அனுப்பி ஒருகாலம் செழித்த ஊர். வியாபாரிகளின் பெரிய வீடுகள் பாதி இடிந்து கிடந்தன. கடற்கரை முழுக்கச் சாளைமீன் காய்ந்தது. அதை ஒட்டகத்துக்குத் தீனியாகப் போடுவார்கள். மன்னாரில் மீனோடு வளர்ந்த எனக்கே அது புதினம்.

"எங்களுக்காக ஏன் இவ்வளவு கரைச்சல்?" என்று ஒருநாள் எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டேன்.

"என்ரை வீட்டு ஜன்னலாலை பார்த்தால் உங்கடை கப்பல்தான் தெரியுது. பிறகு எப்படிச் சாப்பிடுறது?" என்று அவரும் அதே ஹிந்தியில் சொன்னார்.

ஒருவழியாகத் தூதரகம் எங்களைச் சொந்த நாட்டுக்கு அனுப்பிவைத்தது. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

அவர் போன வருசம் இறந்துவிட்டாராம். சாப்பாட்டு மேசைக்கு வந்து இருந்ததும் பிள்ளை முதலில் அதைத்தான் சொன்னாள்.

"அப்பா வீட்டில் அதிகம் பேசமாட்டார். உங்களோடு பேசினாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓம் பிள்ளை, நல்லாப் பேசுவார். வள்ளத்தில் பாட்டும் பாடுவார். குரல்தான் சரியில்லை."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே அழத் தொடங்கிவிட்டாள். என் மனைவி சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அவளை அணைத்துக்கொண்டாள்.

"அழட்டும், விடுங்கோ. சாப்பாட்டைப் பிறகு சூடாக்கலாம்," என்றாள் என்னிடம்.

பின்னேரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். என்ன பாட்டு என்று கேட்டாள். அரபுச் சொற்கள் எனக்கு அப்போதே விளங்கவில்லை. மெட்டு மட்டும் ஞாபகம் இருந்தது. பிளாட்பாரத்தில் நின்று முணுமுணுத்தேன். அவள் போனில் பதிவு செய்தாள். ட்ரெயின் வந்தது. இன்னொருதரம் பாடச் சொன்னாள். அந்த ட்ரெயினைப் போகவிட்டோம்.