பதினான்கு மாடிப் படிப்பறைகள்

எங்கள் பள்ளி கிளார்க்கை எல்லோரும் கறார் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சேர்க்கைப் பதிவேட்டில் வெறும் தெருப் பெயரை எழுத அவளுக்குக் கை வராது. கதவு எண், மாடி எண், வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் வேண்டும். "கம்ப்யூட்டர்ல ஏரியா பேரு போட்டா போதாதா?" என்று தலைமையாசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். அவள் காதிலேயே வாங்க மாட்டாள்.

பள்ளிக்கு எதிரே பதினான்கு மாடிக் கட்டடம் எழும்பியது. அனுமதி கேட்டபோது அதைக் கட்டிய பில்டர் நகர சபைக்கு எழுதிக் கொடுத்ததைக் கேளுங்கள்: இருநூற்று அறுபத்தோரு வீடு, எல்லாமே ஒற்றைப் படுக்கையறை, கூடவே ஒரு 'படிப்பறை'. ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குப் பிள்ளைகுட்டி வராதாம். மொத்தமே இருபத்தாறு பிள்ளைகள்தான் வருமாம். அதனால் புது வகுப்பறைக்கு அவன் ஒரு செங்கல்கூடத் தர வேண்டியதில்லையாம். என்ன அநியாயம்! சபையும் தலையாட்டியது.

வந்த பிள்ளைகள் நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேர். தகரக் கொட்டகை, கூடுதல் ஆசிரியர், பஸ் என்று செலவெல்லாம் ஊர் தலையில் விழுந்தது. முதலில் ஆய்வகம் வகுப்பறையானது. அடுத்து, காது கேளாத எட்டுப் பிள்ளைகள் படித்த சின்ன அறை. அக்காவின் தங்கை மகள் அதில் ஒருத்தி. மெஷின் மாட்டிய காதுக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாக இரைந்து வரும். அமைதியான அறை இருந்தால்தான் சொல் புரியும். எட்டுப் பேரையும் ஒரு மணி நேரப் பஸ்ஸில் வேறு பள்ளிக்கு அனுப்பினார்கள். பஸ் இரைச்சல் தாங்காமல் அந்தத் தங்கை மகள் மெஷினைக் கழற்றி எறிந்தாள். இரண்டே மாதத்தில் பேச்சு நின்றுபோனது. "பெரியம்மா" என்று வாய் நிறையக் கூப்பிட்ட பிள்ளை, சட்டையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது.

அக்கா அழவில்லை. "அந்தாள சும்மா விட மாட்டேன் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான்.

அந்தக் கட்டடத்திலிருந்து வந்த பெற்றோரை அவள் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். "பிள்ளைங்க மேல என்ன கோபம்? வரட்டும், ஒண்ணொண்ணா வரட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கதவு எண்ணை எழுதினாள். பதினான்கு மாதம் எழுதினாள்.

பில்டர் இரண்டாவது கட்டடத்துக்கு அனுமதி கேட்டு வந்தான். நகர சபை மண்டபத்தில் கூட்டம். யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். அவனுடைய ஆள் அதே ஒற்றைப் படுக்கையறைக் கதையைத் திரையில் காட்டி முடித்தான். அக்கா பதிவேட்டோடு எழுந்தாள்.

"முதல் மாடி. மூணாம் நம்பர், ரெண்டு பிள்ளைங்க. ஏழாம் நம்பர், ஒண்ணு..."

பிள்ளைகளின் பெயரைப் பற்றி மூச்சுவிடவில்லை. மூன்றாம் மாடி முடிவதற்குள் நேரம் முடிந்த மணி அடித்தது. அடுத்தது என் முறை. "என் நேரத்த அவங்களுக்குக் குடுக்கிறேன்" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற வேன் டிரைவரும் அதையே சொன்னார். வரிசையே அப்படிச் சொன்னது.

"அதெல்லாம் படிப்பறைம்மா, படுக்கையறை இல்ல" என்று பில்டர் குறுக்கே விழுந்தான்.

"சரி சார், அதுல படிக்கிறது யாரு? புருஷனும் பொண்டாட்டியுமா?"

மண்டபமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "பதினாலாம் மாடி. ஒரே வீடு. ஒரு பிள்ளை. சேர்க்க வந்து கையெழுத்துப் போட்டது தாத்தா. இதோ, முன் வரிசையில உக்காந்திருக்காரு."

எல்லோர் கண்ணும் முன் வரிசையில் இருந்த பில்டர் மேல் திரும்பியது: தாத்தா அவன்தான்.

சபை அன்றே முடிவெடுத்தது. அவன் சொந்தச் செலவில் ஆறு வகுப்பறை கட்டித் தரும்வரை இரண்டாவது கட்டடம் கிடையாது. அதுவரை முதல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த அவனுடைய விற்பனை அலுவலகம் முழுவதும் பள்ளிக்கு.

அறைகளைப் பிரித்துக்கொடுக்க அக்காதான் போனாள், நானும் ஒட்டிக்கொண்டேன். ஒவ்வோர் அறையிலும் நின்று, எதிரொலிக்கிறதா என்று கை தட்டிப் பார்த்தாள். கடைசி அறையில் தடித்த கம்பளம், ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி. தெருச் சத்தம் துளியும் இல்லை. "இது காது கேளாத பிள்ளைங்களுக்கு" என்றாள்.

"அது என் ரூம்மா. வேற எத வேணா எடுத்துக்கோங்க" என்றான் பில்டர்.

"தெரியும் சார். அதான் கேக்கிறேன்."

மறுவாரம் அலமாரியில் விட்டுப்போன காகிதங்களுக்காக அவன் வந்தான். உள்ளே, திரும்பி வந்திருந்த தங்கை மகள் தட்டுத் தடுமாறி ஒரு வரியை வாசித்துக்கொண்டிருந்தாள். கதவில் கைவைத்தவனை அக்கா தடுத்தாள்.

"கிளாஸ் நடக்குது. சத்தம் போடாம அங்க நில்லுங்க."

பாடம் முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அவன் நின்றான்.