ஜுமானா டொக்டருக்கு வைத்த விசாரணை

ஜுமானா என் சாச்சி, அதாவது சின்னம்மா, மகன் ஆதம்பாவாவின் மூத்த மகள். கிண்ணியாவில் படகு எஞ்சின் திருத்துகிறவரின் பிள்ளை டொக்டரானது எங்கள் குடும்பத்தில் பெரிய கதை. அதிலும் அவள் படித்தது ஒப்பரேசனுக்கு மயக்கம் கொடுக்கிற படிப்பு. "வெட்டுறவர் பேர் எடுப்பார், ஆளை முழிக்க வைக்கிறது நான்" என்று சொல்லிச் சிரிப்பாள். திருகோணமலை டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்தாள்.

பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து தங்கேஸ்வரி என்றொரு பெண் பித்தப்பைக் கல்லுக்கு அங்கே வந்தாள். புருசன் கடல் தொழில். ஒப்பரேசன் நடுவில் அவளுக்குப் பிராணவாயு குறைந்தது. குறைந்தால் சத்தம் போட வேண்டிய மெசின் சத்தம் போடவில்லை. உதடு நீலம் பாரிப்பதைக் கண்டு ஜுமானாதான் அவளை மீட்டாள். தங்கேஸ்வரி சுகமாக வீட்டுக்குப் போனாள். மெசினைத் திருத்தச் சொல்லி ஜுமானா கேட்டாள், திரும்பவும் கேட்டாள், ஒருவரும் அசையவில்லை. அடுத்த ஒப்பரேசனுக்கு மயக்கம் கொடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள். நோயாளியை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. அன்றைக்கு வெட்ட இருந்த சர்ஜன் அந்த ஆஸ்பத்திரியின் பங்குக்காரர். அவருக்கு அது தாங்கவில்லை.

தங்கேஸ்வரிக்கு வந்த ஆபத்து ஜுமானாவின் கவனக்குறைவு என்றும், சக டொக்டர்மார் மூன்று பேர் அதைப் பார்க்கப் போகிறார்கள் என்றும் அறிவித்தார்கள். ஒரு டொக்டரின் வேலையை மற்ற டொக்டர்மார் பார்ப்பது நல்ல வழக்கம்தான். அடுத்த நோயாளிக்கு அதே பிழை நடக்காமல் இருக்கத்தானே. ஆனால் இதில் ஒருவர் அதே சர்ஜன். மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி. மூன்றாமவர் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர். எங்கள் பள்ளிவாசலில் விசாரணை என்றால், விசாரிக்கிறவர்களில் உறவுக்காரர் இருந்தால் தாமாகவே எழுந்து வெளியே போய்விடுவார்.

"அப்ப இது விசாரணை இல்ல மகள், அவங்கட வீட்டுக் கலியாணப் பேச்சு" என்றார் ஆதம்பாவா.

"கலியாணப் பேச்சிலயும் பொண்ணுட்ட ஒரு சொல்லுக் கேப்பாங்க வாப்பா" என்றாள் ஜுமானா.

எங்களுக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. நம் பிள்ளையை விசாரணைக்குக் கூப்பிட்டால் சொந்தக்காரர் எல்லோரும் போய் வெளியே உட்கார்ந்திருப்போம். வாசல் வெறுமையாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஆளில்லை என்று அர்த்தம். அவளுக்குச் சொல்லாமலே இரண்டு வான் வண்டியில் போனோம். அவளுடைய உம்மா நஜ்முன் நிஸா பிளாஸ்க்கில் தேத்தண்ணீர் கொண்டுவந்து, காவலாளிக்கும் ஊற்றிக் கொடுத்தாள். ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. ஆனால் அந்த மூவரும், ஜுமானா கூட்டம் கொண்டுவந்து மிரட்டினாள் என்று இரண்டாவது குற்றமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு அவளைக் கூப்பிட்டு, அவள் சொல்வதை முழுக்கக் கேட்காமலே, தானாக விலகினால் இது இத்தோடு முடியும், இல்லாவிட்டால் கொழும்பிலுள்ள டொக்டர்மாரின் மேல்சபைக்குப் போகும் என்றார்கள். அங்கே தீர்ப்பு அவளுக்கு எதிராக வந்தால் நாட்டில் எந்த ஒப்பரேசன் தியேட்டரிலும் அவள் கால்வைக்க ஏலாது.

"விட்டுட்டு வா புள்ள" என்றாள் நஜ்முன் நிஸா. "வேற ஆஸ்பத்திரியா இல்ல?"

"நான் விலகினா, செஞ்சன் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி உம்மா. போற இடமெல்லாம் அது எனக்கு முன்னால போய் நிக்கும்."

அவள் விலகவில்லை. அவர்கள் அவளை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். ஆனால் மேல்சபைக்கு ஒன்றும் அனுப்பவில்லை. கடைசியில் அவளே தன்னை விசாரிக்கும்படி மேல்சபைக்கு எழுதிப் போட்டாள். எழுதிவிட்டுச் சல்லிக்குப் போனாள்.

தங்கேஸ்வரி கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "என்னை வைச்சே ஒரு விசாரணை நடந்ததோ? என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே டொக்டர்" என்றாள்.

"கொழும்பில கேப்பாங்க. வருவீங்களா?"

"வராமல்? உயிரோட இருக்கிறனே."

கொழும்புக்குப் போகிற நாளில் ஆதம்பாவா வான் பேசப் போனார். ஜுமானா தடுத்துவிட்டாள். "ஒருத்தரும் வரப்படாது வாப்பா. நீங்களும்தான்." தங்கேஸ்வரியும் புருசன் முருகேசுவும் மட்டும் அவளோடு பஸ் ஏறினார்கள். அங்கே விசாரிக்க இருந்தவர்கள் ஒருவருக்கும் உறவில்லாத வெளிமாவட்ட டொக்டர்மார். மெசினைப் பற்றியும் கேட்டார்கள், தங்கேஸ்வரியையும் கதிரையில் இருத்திக் கேட்டார்கள்.

திரும்பி வந்தபோது கிண்ணியாப் பாலத்தடியில் இரண்டு வானும் நின்றன.

"வரவேணாம் எண்டுதானே சொன்னன்" என்றாள் ஜுமானா.

"கொழும்புக்குத்தானே வரவேணாம் எண்ட நீ" என்றாள் நஜ்முன் நிஸா. "என்ன சொன்னாங்க?"

"இன்னும் ஒண்டும் சொல்லல்ல. முழுக்கக் கேட்டாங்க உம்மா." அதைச் சொன்னபோதுதான் அவள் அழுதாள்.

அவள்மேல் பிழை இல்லை என்று பிறகு தீர்ப்பு வந்தது. அந்த ஆஸ்பத்திரி புது மெசின் வாங்கியது, அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. இப்போது வேறோர் ஊரில் வேலை செய்கிறாள். அங்கேயும் முதல் நாளில், "பழைய இடத்தில என்ன நடந்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். மறைக்காமல் முழுவதையும் சொன்னாளாம். அன்றைக்கே தியேட்டருக்குள் விட்டார்களாம்.